இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே

அத்தியாயம் 5

"நாலு மணி வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள 'தப்பு என்னுதுதான்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டா, வேலையை விட்டு அனுப்பறதோட விட்டுடுவேன். இல்லேன்னா போலீஸ்."

டாக்டர் ஒரு வெள்ளைத் தாளைச் சீட்டு அடிக்கிறவள் முன்னால் மேசைமேல் வீசிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனார். அண்ணிக்குப் பக்கத்தில் நின்ற கொழுந்தன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். இரண்டே முக்கால்.

அவனை ஊரில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. துப்பறிகிற அண்ணிக்குப் பின்னாலேயே அலைகிற, அவள் கணவனின் தம்பி என்பதால், நாற்பத்தைந்து வயதிலும் ஊருக்கே கொழுந்தனாகிவிட்டான். தொழில் கம்ப்யூட்டர் ரிப்பேர், பொழுதுபோக்கு அண்ணியிடம் திட்டு வாங்குவது. அண்ணன் இந்தத் தொழிலுக்கெல்லாம் வரமாட்டார். நெற்றியில் ஏற்றி வைத்த கண்ணாடியைக் கண்டுபிடிக்கவே அவருக்கு அண்ணி வேண்டும்.

விஷயம் இதுதான். செவ்வாய்க்கிழமை காலை இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் ஒன்பதாம் டோக்கன் வாங்கிய கிழவர் ஒருவருக்கு இதயத்துக்கான ஊசி போட்டார்கள். டாக்டர் எழுதியது 2.5. சீட்டில் வந்தது 25. நர்ஸ் சீட்டில் இருந்ததைப் போட்டாள். பத்து மடங்கு மருந்து உள்ளே போனதும் கிழவர், "கொஞ்சம் தண்ணி குடும்மா" என்று கேட்டார். தண்ணீர் வருவதற்குள் போய்விட்டார்.

சீட்டு அடித்தவள் இதோ, எதிரே நிமிர்ந்து உட்கார்ந்திருக்கிறாள். ஆஸ்பத்திரி முழுக்க அவளுக்குப் பெரியக்கா என்று பெயர். டாக்டரின் கிறுக்கலைப் படித்து, டோக்கன் எண், மருந்து எண், அளவு என்று மூன்று எண்களை மெஷினில் அடிப்பது அவள் வேலை. சீட்டு அச்சாகி நேராக நர்ஸ் கைக்குப் போகும். இருபத்தேழு வருஷத்தில் ஒரு சீட்டும் தப்பாக வந்ததில்லை. அதனால்தான் நர்ஸ் இரண்டாவது தடவை பார்க்கவில்லை. 'பிழையற்ற பணி' என்று எழுதிய பாராட்டுப் பத்திரம் கண்ணாடிச் சட்டத்துக்குள் சுவரில் தொங்கியது.

"நான் புள்ளி அடிச்சேன்" என்றாள் பெரியக்கா.

"ஏழாவது தடவை சொல்றீங்க" என்றான் கொழுந்தன்.

"எட்டாவது. எண்ணத் தெரியாதவங்களை எதுக்கு வேலைக்கு வெச்சிருக்கீங்க?" என்று அண்ணியைப் பார்த்துக் கேட்டாள்.

கொழுந்தன் மெஷின் பக்கம் திரும்பினான். அதில் ஓடுவது டாக்டர் தன் இளமைக் காலத்தில் தன் கையாலேயே எழுதிய புரோகிராம். முப்பது வருஷப் பழசு. புதுக் கம்ப்யூட்டரில் ஓடாது. அந்தக் காலத்து மெஷின் மூன்று வாரத்துக்கு முன்னால் உயிரை விட்டதும், ஒரு மெக்கானிக்கைக் கூப்பிட்டு எமுலேட்டர் போட்டிருந்தார்கள்.

"அப்படின்னா?" என்றாள் அண்ணி.

"புது மெஷினுக்குள்ள ஒரு பழைய மெஷின் வேஷம், அண்ணி. புரோகிராம் பாவம், இன்னும் முப்பது வருஷத்துக்கு முன்னாடி இருக்கறதாவே நெனச்சுக்கிட்டு ஓடும். நம்ம அண்ணன் மாதிரி."

"அண்ணனை விடு. அடிச்சுப் பாரு."

அவன் இரண்டு ஆள்காட்டி விரல்களாலும் தேடித் தேடி அடிப்பவன். மேல் வரிசையில் இரண்டைக் குத்தினான், கீழ் வரிசையில் புள்ளியைக் குத்தினான், மறுபடி மேலே போய் ஐந்தைக் குத்தினான். பிரின்டர் கரகரவென்று ஒரு சீட்டைத் துப்பியது. 2.5. சுத்தமாக, அழகாக.

மெஷின் சரியென்றால் பெரியக்கா தப்பு. அவ்வளவுதான், தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு சின்னக்கா டீயோடு வந்தாள். பெரியக்காவின் கூடப்பிறந்த தங்கை. பதினெட்டு வருஷமாக இதே ஆஸ்பத்திரியில் ரிசப்ஷன். நேற்று அண்ணியின் வீட்டுப் படியேறி வந்து, "எப்படியாவது எங்க அக்காவைக் காப்பாத்துங்க" என்று அழுதவளும் இவள்தான். இன்றும் கண் சிவந்திருந்தது.

"ஒத்துக்கச் சொல்லுங்க மேடம். மனுஷங்க தப்பு பண்றது சகஜம்தானே? 'தெரியாம நடந்துடுச்சு, என் தப்புதான்'னு ஒரே ஒரு தடவை வாயைத் திறந்து சொல்லிட்டா, யாரும் அவளை ஒண்ணும் பண்ணமாட்டாங்க. அவ வாயால வரணும், அவ்வளவுதான்."

பெரியக்கா டீயை ஒரு வாய் குடித்தாள். "சர்க்கரை ஜாஸ்தி. எத்தனை தடவை சொல்றது உனக்கு?"

சின்னக்கா தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனாள். இப்படி ஒரு அக்காவுக்காக அழுகிறாளே என்று கொழுந்தனுக்கு அவள்மேல் பாவமாக இருந்தது.

அண்ணி அதுவரை பெரியக்காவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீங்க அடிங்க. தினமும் எப்படி அடிப்பீங்களோ அப்படி."

பெரியக்கா நாற்காலியை இழுத்துப் போட்டாள். இடது கை டாக்டரின் கிறுக்கலைக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பிடித்தது. வலது கை கீபோர்டின் வலது ஓரத்து நம்பர் பேடில் இறங்கியது. கண் தாளை விட்டு நகரவே இல்லை, திரையை அவள் மதிக்கவே இல்லை. டக் டக் டக். அரை நொடி வேலை.

பிரின்டர் துப்பிய சீட்டை அண்ணி டக்கென்று உள்ளங்கையால் மூடினாள். விரலிடுக்கில் கொழுந்தன் எட்டிப் பார்த்தான்.

25.

"பாத்தீங்களா, புள்ளி அடிச்சேன்" என்றாள் பெரியக்கா, சீட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"பாத்தேன். கொஞ்சம் வெளிய உக்காருங்க. எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க."

கதவு சாத்தப்பட்டதும் கொழுந்தன் மெஷின்மேல் பாய்ந்தான். நம்பர் பேடில் 2, புள்ளி, 5 என்று ஒவ்வொன்றாக அழுத்தித் திரையைப் பார்த்தான். புள்ளி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு கமா உட்கார்ந்திருந்தது. என்டர் தட்டியதும் கமா காணாமல் போய் 25 ஆகிவிட்டது.

"ஆயிரம், லட்சம்னு கமா போட்டு அடிக்கறவங்களுக்காக டாக்டர் கமாவைத் தூக்கிப் போடற மாதிரி எழுதியிருக்கார், அண்ணி. சத்தமே இல்லாம முழுங்கிடுது." புரோகிராமை மூடிவிட்டு, எமுலேட்டரின் கறுப்புத் திரையில் ஏதோ கட்டளை அடித்தான். ஒய் அடித்தால் இசட் வந்தது. இசட் அடித்தால் ஒய் வந்தது. கொழுந்தன் தொடையில் தட்டிக்கொண்டான். "கீபோர்டு வேற நாட்டுக்காரன் ஆயிடுச்சு! சில நாட்டுல இரண்டரைக்கு நடுவுல புள்ளி வெக்கமாட்டாங்க, கமாதான். அவங்க கீபோர்டுல நம்பர் பேட் புள்ளி கமாவாத்தான் விழும். எழுத்துப் பக்கத்துப் புள்ளி மட்டும் புள்ளியாவே இருக்கும். நான் அந்தப் புள்ளியை அடிச்சேன், சரியா வந்துச்சு. பெரியக்கா இந்தப் புள்ளியை அடிச்சாங்க, ஆள் போயிட்டார்."

"ஒய்யும் இசட்டும் மாறினதை அவங்க எப்படிக் கவனிக்காம விட்டாங்க?"

"இந்தப் புரோகிராம்ல எழுத்தே கிடையாதே! எல்லாம் நம்பர். எமுலேட்டரோட செட்டிங் ஃபைல்ல ஒரே ஒரு வரி. நாட்டோட பேரை மாத்தினா சரியாயிடும். இதோ..."

அண்ணி அவன் கையில் ஒரு அடி வைத்தாள். "தொடாதே. அப்படியே இருக்கட்டும்."

பிறகு அலமாரியைத் திறந்து சீட்டு நகல் கட்டுகளை எடுத்தாள். மூன்று வாரத்துச் சீட்டுகள். 2.5, 7.5, 12.5, எல்லாவற்றிலும் புள்ளி ஒழுங்காக உட்கார்ந்திருந்தது. திங்கள் மாலை கடைசிச் சீட்டு, 0.5. அதிலும் புள்ளி. செவ்வாய் காலை ஒன்பதாம் டோக்கனுக்கு முன்னால் வந்த சீட்டெல்லாம் முழு எண்கள். அதில்தான் 25. கிழவர் போனதுமே டாக்டர் இந்த அறையைப் பூட்டிவிட்டார். இன்றுதான் திறந்திருக்கிறது.

"மூணு வாரம் நல்லா இருந்த வரி திங்கள் ராத்திரிக்கும் செவ்வாய் காலைக்கும் நடுவுல தானா மாறுமா?" என்றாள் அண்ணி.

"என் சம்பளமே தானா மாறினதில்ல, அண்ணி."

மெக்கானிக்கைப் போனில் பிடித்தார்கள். மகள் பிரசவத்துக்காகப் பத்து நாளாக வெளியூரில் இருந்தான். பின்னால் குழந்தை அழுகிற சத்தம் கேட்டது.

"அந்தக் கமா விவகாரமா? போட்ட அன்னிக்கே வந்துச்சுங்க. டாக்டரே 2.5 அடிச்சுப் பாத்தார், 25 வந்துச்சு. 'ஆளைக் கொல்லப் பாக்கறியா'ன்னு கத்தினார் பாருங்க, ஆஸ்பத்திரியே வந்து வாசல்ல நின்னுச்சு. உடனே சரி பண்ணிட்டேன். மறுபடி வந்தா எந்த வரியை எப்படி மாத்தணும்னு ஒரு பேப்பர்ல எழுதி, அந்த மேசை டிராயர்லயே வெச்சுட்டு வந்தேன்."

"பெரியக்காவுக்குத் தெரியுமா?"

"அவங்க அன்னிக்கு லீவு. அவங்ககிட்ட மூச்சு விடாதேன்னு டாக்டர் சொல்லிட்டார். தெரிஞ்சா புது மெஷினையே தொடமாட்டாங்களாம்."

டிராயரைத் திறந்தார்கள். ரப்பர் பேண்டும் காய்ந்துபோன பேனாவும் இருந்தன. பேப்பர் இல்லை.

"டாக்டர்தான்" என்றான் கொழுந்தன். "பெரியக்காவைக் கழட்டி விடறதுக்கு வழி தேடியிருக்கார். கையெழுத்துக்கு எவ்வளவு அவசரப்படறார் பாருங்க. முழியே சரியில்ல."

"உன் முழியும்தான் சரியில்ல. உன்னைப் பிடிச்சு உள்ள போடலாமா? டாக்டரைக் கூப்பிடு."

டாக்டர் எரிச்சலோடு வந்தார். மணி மூன்று இருபது.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள் அண்ணி, வெகு பணிவாக. "வேற யார் அடிச்சாலும் 2.5 சரியாத்தான் வருதுன்னு ரெண்டு மூணு சீட்டு எடுத்துக் காட்டிட்டா, பெரியக்கா ஒத்துப்பாங்க. நீங்க ஒண்ணு அடிச்சுக் குடுங்க."

"தாராளமா. முப்பது வருஷமா என் புரோகிராம் தப்புப் பண்ணினதில்ல." டாக்டர் நின்றபடியே நம்பர் பேடில் மூன்று தட்டுத் தட்டினார். சீட்டு வெளியே வருவதற்குள் கதவுக்குப் பக்கத்தில் போய்விட்டார். "நல்லவேளை, அந்தக் கிழவருக்குன்னு யாரும் இல்ல. இருந்திருந்தா இந்நேரம் கண்ணாடியெல்லாம் உடைச்சிருப்பாங்க. சீக்கிரம் முடிங்க."

அண்ணி சீட்டைக் கிழித்து, பார்த்துவிட்டு, முந்தானைக்குள் செருகிக்கொண்டாள். கொழுந்தனுக்கு அந்த 'நல்லவேளை'யைக் கேட்டுப் பற்றிக்கொண்டு வந்தது. அண்ணியின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ரிசப்ஷனுக்குப் போய் டோக்கன் ரெஜிஸ்டரை எடுத்து வந்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, "சின்னக்காவை வரச்சொல்லு" என்றாள்.

சின்னக்காவிடமும் அதே பேச்சு, அதே பணிவு. "நீங்களும் ஒண்ணு அடிச்சுக் குடுத்தா அக்காவுக்கு வேற வழியே இருக்காது."

சின்னக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாள் முழுக்க ரிசப்ஷனில் எண்களாக அடிக்கிற கை. தயங்காமல் அடித்தாள். பிரின்டர் துப்பியது. அவளே சீட்டைக் கிழித்து நீட்டினாள்.

2.5.

கொழுந்தன் பெருமூச்சு விட்டான். அண்ணியோ சீட்டை வாங்கிப் பத்திரமாக மடித்தாள். "தம்பி, எல்லாரையும் கூப்பிடு. மணி நாலாகப் போகுது."

டாக்டர் வந்தார். பெரியக்கா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்து, கலைந்திருந்த நகல் கட்டை முதலில் சரியாக அடுக்கினாள். சின்னக்கா சுவரோரம் நின்றாள். அண்ணி மூன்று சீட்டுகளை மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"இது பெரியக்கா அடிச்சது, 25. இது டாக்டர் அடிச்சது, இதுவும் 25."

"என்னது!" டாக்டர் சீட்டைப் பிடுங்கினார். நிறம் வெளுத்துவிட்டது. "அந்தக் கமா... அதை அன்னிக்கே சரி பண்ணியாச்சே!"

"ஆமா. சரி பண்ணியாச்சுன்னு நம்பினதாலதான் நீங்க பாட்டுக்கு நம்பர் பேட்ல அடிச்சீங்க. மறுபடி கெட்டுப் போச்சுன்னு தெரிஞ்சிருந்தா, பெரியக்காவை மாட்டி விடற சீட்டுல அந்தப் புள்ளியைத் தொட்டிருக்கவே மாட்டீங்க." அண்ணி மூன்றாவது சீட்டைத் தொட்டாள். "இது சின்னக்கா அடிச்சது. 2.5. ரெண்டையும் நம்பர் பேட்ல அடிச்சாங்க. அஞ்சையும் நம்பர் பேட்ல அடிச்சாங்க. புள்ளி அங்கயே கட்டை விரலுக்குப் பக்கத்துல இருக்கு. அதை விட்டுட்டு, கை எழுத்துப் பக்கம் வரைக்கும் போய்ப் புள்ளி எடுத்துட்டு வந்துச்சு. ஏம்மா?"

சின்னக்கா வலது கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கெட்டுப் போயிருக்குன்னு இன்னிக்கு வரைக்கும் நாங்க யாருக்கும் சொல்லல. மெஷின் செவ்வாய்க்கிழமையில இருந்து பூட்டியிருக்கு. தினமும் காலையில அதை ஆன் பண்றது யாரு, டாக்டர்?"

"ரிசப்ஷன்" என்றார் டாக்டர்.

கொழுந்தன் சின்னக்கா பக்கம் திரும்பினான். "அந்தக் கிழவர் உங்களுக்கு என்னம்மா பண்ணினார்?"

"அவர் ஒண்ணுமே பண்ணல, தம்பி. அதுதான் கொடுமை" என்றாள் அண்ணி. ரெஜிஸ்டரைத் திறந்து விரல் வைத்தாள். "செவ்வாய்க்கிழமை 2.5 ஊசிக்கு வர்றவங்க வழக்கமா ரெண்டு பேர். நாலாம் டோக்கன் ஒரு அம்மாவுக்குப் போட்டு, அப்புறம் கோடு போட்டு அடிச்சிருக்கு. பக்கத்துல 'நாளை வரவும்'னு எழுதியிருக்கு. அந்தம்மாவுக்கு உறவுன்னு மூணு பிள்ளைங்க பேர் இருக்கு. கேள்வி கேப்பாங்க. அவங்களை வீட்டுக்கு அனுப்பியாச்சு. கிழவருக்கு உறவுன்னு எழுதற கட்டம் காலியா இருக்கு. கேக்க ஆளில்ல. அவரை உக்கார வெச்சாச்சு. இவங்களுக்கு ஒரு தப்பான சீட்டு வேணும். அதுக்கு யாரோ ஒருத்தர் சாகணும். அவ்வளவுதான் அவருக்கும் இதுக்கும் சம்பந்தம்."

சின்னக்காவின் முகத்திலிருந்து அழுகை துடைத்துவிட்டதுபோல் போயிருந்தது. இப்போதுதான் அவள் நிஜ முகத்தைப் பார்ப்பதாகக் கொழுந்தனுக்குத் தோன்றியது.

"பதினெட்டு வருஷம்" என்றாள். "இங்க நான் ஒரு பில்லுல நம்பரை மாத்திப் போட்டா, உடனே 'அக்காவைப் பாரு'. வீட்டுல பால் பொங்கினா 'அக்காவைப் பாரு'. என் கல்யாணம் முறிஞ்சப்ப இவ என்ன சொன்னா தெரியுமா? 'நான் அப்பவே சொன்னேன்.' அம்மா சாகக் கிடக்கறப்ப மாத்திரை குடுக்க நான் அஞ்சு நிமிஷம் லேட்டு. சாவு வீட்டுல அத்தனை பேர் முன்னாடி அதைச் சொன்னா. வருஷா வருஷம் திவசத்துக்கும் சொல்றா." சுவரிலிருந்த பாராட்டுப் பத்திரத்தைக் கையால் காட்டினாள். "அதுக்குத் தூசி தட்டறது யாரு? நான். இவ ஒரு தடவை தப்புப் பண்ணணும். ஒரே ஒரு தடவை. 'என் தப்பு'ங்கற வார்த்தை இவ வாயில இருந்து வர்றதை நான் என் காதால கேக்கணும். அதுக்குத்தான் உங்களையும் கூட்டிட்டு வந்தேன். நீங்க பேசினா ஒத்துப்பான்னு நெனச்சேன்."

"ஒரு மனுஷன் செத்திருக்கார்" என்றான் கொழுந்தன்.

"தெரியும். தண்ணி கொண்டு போனது நான்தான்."

கடிகாரத்தில் நாலு அடித்தது. டாக்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது வெளிய போகாம ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க சொன்ன போலீஸ் நாலேகாலுக்கு வரும். நானே சொல்லிட்டேன்" என்றாள் அண்ணி.

எல்லோருடைய கண்ணும் பெரியக்கா பக்கம் திரும்பியது. தங்கையை அறைவாளா, கட்டிக்கொண்டு அழுவாளா என்று கொழுந்தன் பதறிப்போய்ப் பார்த்தான். இன்னொரு கேள்வியும் அவனை அரித்துக்கொண்டிருந்தது. "அந்தக் கிழவர் பேர் என்ன? யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டே விட்டான்.

டாக்டர் தரையைப் பார்த்தார். ரெஜிஸ்டரில் பெயருக்கான கட்டமும் காலி, வெறும் ஒன்பது என்று இருந்தது.

பெரியக்கா கையெழுத்துக்காக வைத்திருந்த வெள்ளைத் தாளை எடுத்து நாலாக மடித்துக் குப்பைக் கூடையில் போட்டாள். "அப்போ நான் புள்ளி அடிச்சிருக்கேன்" என்றாள். "நான் அடிச்சிருக்கேன். நான்தான் முதல்லேர்ந்தே சொன்னேனே. எனக்குத் தெரியும்."

அவள் முகத்தில் இருந்தது சந்தோஷம். சந்தேகமே இல்லை, சந்தோஷம்தான்.

சின்னக்கா சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் மெதுவாக, பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு. "பாத்தீங்களா?" என்றாள் அண்ணியிடம். "பாத்தீங்களா மேடம்?"

அண்ணி முதல் முறையாகத் தலையைத் திருப்பிக்கொண்டாள்.

பெரியக்கா நகல் கட்டிலிருந்து செவ்வாய்க்கிழமை ஒன்பதாம் டோக்கன் சீட்டை உருவினாள். மேசை விளிம்பில் வைத்து நீவினாள். பேனாவைத் திறந்து, இரண்டுக்கும் ஐந்துக்கும் நடுவே கவனமாக ஒரு புள்ளி வைத்தாள். மை காய்வதற்கு ஊதினாள்.

"இப்ப சரியா இருக்கு" என்று சொல்லி, அதைக் கட்டுக்குள் அதன் இடத்தில் செருகினாள்.